நரைக்கு மருதாணி: சுன்னத்தான இலையும் கடைப் பொடியும்



பெருநாள் நெருங்கும்போதும் நிக்காஹ் காலங்களிலும் பள்ளிவாசலில் நம்மிடம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஸ்ரத், தலைக்கு டை அடிக்கலாமா?" என்று கேட்பார்கள். "கருப்புச் சாயத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள், மருதாணி போடுங்கள்" என்று சொன்னால், "நாங்கள் போடுவதும் மருதாணிதான், பாக்கெட்டில் பிளாக் ஹென்னா என்றுதானே எழுதியிருக்கிறது" என்று பதில் வரும். பெண்கள் பகுதியிலிருந்து வேறு கேள்விகள் வரும். மருதாணி போட்டால் முடி கொட்டுமா, குளிப்பு நிறைவேறுமா, மாதவிடாயில் போடலாமா என்றெல்லாம் கேட்பார்கள்.

இந்தக் கேள்விகளுக்கு மார்க்கச் சட்டத்தை மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. ஹதீஸில் வரும் மருதாணி ஒரு செடியின் இலை. இன்று அதே பெயரில் விற்கப்படும் கருப்புப் பொடிகள் பலவற்றில் வேலை செய்வது அந்த இலை அல்ல, ஒரு ரசாயனம். இந்த வேறுபாடு தெரியாமல் சுன்னத் என்று எண்ணிக்கொண்டே உடலுக்குக் கேடு செய்யும் பொருளைத் தலையில் பூசுகிறவர்கள் நம்மில் நிறைய பேர். எனவே மருதாணி என்றால் என்ன, மார்க்கம் என்ன சொல்கிறது, கடைப் பொடியை எப்படி அடையாளம் காண்பது, தலைக்கு எப்படிப் போடுவது என்பதை ஒரே இடத்தில் தொகுத்துத் தருகிறோம்.

மருதாணி எப்படி நிறம் தருகிறது?

தமிழில் மருதாணி, மருதோன்றி என்றும், சித்த மருத்துவ நூல்களில் அழவணம், ஐவணம் என்றும் சொல்லப்படும் இந்தச் செடிக்கு அரபியில் ஹின்னா என்று பெயர். உருது பேசும் நம் சகோதரர்கள் மெஹந்தி என்பார்கள். தாவரவியலில் லாசோனியா இனெர்மிஸ். வறட்சியைத் தாங்கி வளரும் புதர்ச் செடி இது. வட ஆப்பிரிக்கா முதல் அரபு நாடுகள், ஈரான், இந்தியா வரை வெப்பமான நிலங்களில் எல்லாம் காணப்படுகிறது.

இலையில் லாசோன் என்ற நிறப்பொருள் இருக்கிறது. காய்ந்த இலையின் எடையில் இது ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதம் மட்டுமே. நம் தோலிலும் நகத்திலும் முடியிலும் இருப்பது கெரட்டின் என்ற புரதம். அரைத்த இலை ஈரத்தோடு பல மணி நேரம் முடியில் இருக்கும்போது லாசோன் வெளியே வந்து அந்தக் கெரட்டினோடு பிணைந்துகொள்கிறது. அதனால்தான் மருதாணி நிறம் சோப்புக்குப் போவதில்லை. தோலில் போட்டது, தோலின் மேலடுக்கு உதிரும்போது ஒன்றிரண்டு வாரங்களில் மங்கிவிடும். முடி அப்படி உதிர்ந்து புதுப்பிக்கப்படுவதில்லை என்பதால் தலையில் போட்ட நிறம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அடியிலிருந்து புதிதாக வளரும் முடிதான் வெள்ளையாகத் தெரியும்.

இதிலிருந்து ஓர் உண்மையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். லாசோன் தரும் நிறம் ஆரஞ்சு முதல் செம்பழுப்பு வரைதான். மருதாணி இலை மட்டும் ஒருபோதும் கருப்பு நிறம் தராது. இயற்கையாகக் கருத்த முடியில் போட்டால் வெயிலில் லேசான செம்மை தெரியும், அவ்வளவே. கருமுடியை வெளிறச் செய்யவும் அதனால் முடியாது. ஆகவே "மருதாணி" என்ற பெயரில் வந்து அரை மணி நேரத்தில் நரையை அட்டக் கருப்பாக்கும் எந்தப் பொடியிலும் வேறு ஏதோ சேர்க்கப்பட்டிருக்கிறது.

நம் பகுதியில் மருதாணி

மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் வட்டாரம் முந்திரிக்குப் பேர் போன செம்மண் பூமி. தண்ணீர் குறைவாகக் கேட்கும், ஆடு அதிகம் கடிக்காத செடி என்பதால் இதுபோன்ற பகுதிகளில் மருதாணியை வேலி ஓரத்திலும் கொல்லைப்புறத்திலும் வைப்பது பழைய வழக்கம். பெருநாளுக்கு முந்தைய இரவு இலையைப் பறித்து, கொட்டைப்பாக்கும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அம்மியில் அரைத்து, வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கையில் வைத்துக்கொண்டு தூங்கிய காலம் வெகு தொலைவில் இல்லை. அந்த விழுதில் மிஞ்சியதைப் பாட்டிமார்கள் தலையில் அப்பிக்கொள்வார்கள்.

இப்போது கொல்லைகள் சுருங்கி வீடுகள் நெருங்கிவிட்டன. கடையில் கிடைக்கும் பொடியில் பெரும்பகுதி ராஜஸ்தானிலிருந்து வருகிறது. அங்கே பாலி மாவட்டத்தில் உள்ள சோஜத் என்ற ஊரைச் சுற்றி மருதாணி பெருமளவில் மானாவாரிப் பயிராக விளைகிறது. சோஜத் மெஹந்திக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கிருந்து நல்ல பொடியும் வருகிறது. அதே பெயரைப் போட்டுக்கொண்டு கலப்படப் பொடியும் வருகிறது. இலை நம் கண்முன் அரைபட்ட காலத்தில் தேவைப்படாத எச்சரிக்கை, பாக்கெட்டில் வாங்கும் இந்தக் காலத்தில் தேவைப்படுகிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, அபூபக்ர் (ரழி) அவர்களின் தந்தை அபூகுஹாஃபா அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் அழைத்து வரப்பட்டார்கள். அவர்களது தலையும் தாடியும் தூய வெண்மையாக இருந்தன. அதைப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், இந்த நரையை ஏதேனும் ஒன்றால் மாற்றிவிடுமாறும் கருப்பைத் தவிர்த்துக்கொள்ளுமாறும் கூறினார்கள். ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

நரையை மாற்றப் பயன்படுத்துபவற்றில் மிகச் சிறந்தவை மருதாணியும் கத்தமும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் வருகிறது. கத்தம் என்பது யமன் நாட்டில் விளைந்த, கருமை கலந்த நிறம் தரும் ஒரு செடி என்று விரிவுரையாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அபூபக்ர் (ரழி) அவர்கள் மருதாணியையும் கத்தத்தையும் கலந்து சாயமிட்டார்கள் என்றும், உமர் (ரழி) அவர்கள் மருதாணியை மட்டும் பயன்படுத்தினார்கள் என்றும் அனஸ் (ரழி) அவர்கள் அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

நபி (ஸல்) அவர்களே சாயமிட்டார்களா என்பதில் இரு விதமான அறிவிப்புகள் உண்டு. அவர்களுக்கு நரைத்த முடி மிகச் சொற்பம், இருபதைக்கூட எட்டவில்லை, சாயமிடும் தேவை ஏற்படவில்லை என்பது அனஸ் (ரழி) அவர்கள் தரும் செய்தி. உம்மு ஸலமா (ரழி) அவர்கள் தம்மிடம் பாதுகாத்து வைத்திருந்த நபி (ஸல்) அவர்களின் முடியைக் காட்டியபோது அதில் சாயம் தெரிந்தது என்பது புகாரியில் வரும் இன்னொரு செய்தி. சில வேளைகளில் சாயமிட்டார்கள், பெரும்பாலும் இடவில்லை, ஒவ்வொருவரும் தாம் கண்டதை அறிவித்தார்கள் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இரண்டையும் இணைத்து விளக்குகிறார்கள்.

சாயமிடாமல் நரையை அப்படியே விடுவது குற்றமா? இல்லை. அலீ (ரழி), உபை இப்னு கஃப் (ரழி) போன்ற நபித்தோழர்கள் நரையை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். நரைமுடியைப் பிடுங்குவதுதான் வெறுக்கப்பட்டது. நரை ஒரு முஸ்லிமுக்கு மறுமையில் ஒளியாக இருக்கும் என்ற கருத்தில் ஹதீஸ் வந்துள்ளது. ஆக, நரையை விடவும் செய்யலாம், மருதாணியால் மாற்றவும் செய்யலாம். நாற்பதைத் தொட்டதும் நரையைக் கண்டு பதறுவதற்கு மார்க்கத்தில் காரணம் எதுவும் இல்லை.

கருப்புச் சாயம் பற்றி மத்ஹபுகள்

தமிழகத்தின் கடலோர ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபும், நம்முடையது போன்ற உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபீ மத்ஹபும் பின்பற்றப்படுகின்றன. திருமண உறவு இரண்டு பக்கமும் இருப்பதால் இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

ஷாஃபிஈ மத்ஹபில் கருப்புச் சாயம் ஹராம் என்பதே சரியான கருத்து என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதுகிறார்கள். ஆண், பெண் இருவருக்கும் இதே சட்டம். ஹனஃபீ மத்ஹபில் பெரும்பாலான அறிஞர்கள் மக்ரூஹ் என்கிறார்கள். கணவன் மனைவிக்காக அழகுபடுத்திக்கொள்வதற்கு இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் அனுமதி தந்துள்ளார்கள். ஹஸன் (ரழி), ஹுஸைன் (ரழி), உக்பா இப்னு ஆமிர் (ரழி) போன்றோர் கருப்புச் சாயம் இட்டதாகவும் அறிவிப்புகள் உண்டு. எனவே கருப்புச் சாயம் இட்டவரைக் கண்டவுடன் பள்ளியில் வைத்துக் கடிந்துகொள்வது முறையல்ல. அவரவர் தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ள வேண்டும்.

ஆனால் பெண் பார்க்க வரும்போது வயதை மறைப்பதற்காக நரையை மறைப்பது ஏமாற்று. ஏமாற்றுவது ஹராம் என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் இது பொருந்தும்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விலக்கப்பட்டிருப்பது நிறம். "இது இயற்கைப் பொருள், அதனால் கருப்பாக இருந்தாலும் பரவாயில்லை" என்ற வாதம் நிற்காது. அதேபோல் "ரசாயனம் என்பதால் பழுப்பு நிறமும் ஹராம்" என்றும் பொதுவாகச் சொல்ல முடியாது. ரசாயனத்தைப் பற்றிய கேள்வி உடல் நலத்தைப் பற்றியது. தனக்கும் பிறருக்கும் தீங்கு விளைவிக்கக் கூடாது என்ற மார்க்க அடிப்படையில் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

'பிளாக் ஹென்னா'வில் இருப்பது என்ன?

கருப்பு ஹென்னாப் பொடிகளிலும் பெரும்பாலான ரசாயன டைகளிலும் கருமையைத் தருவது பாரா ஃபினைலின் டைஅமின். சுருக்கமாக பி.பி.டி. விலை மலிவு, வேகம் அதிகம், நிறம் ஆழம் என்பதால் தொழிலில் இது வேரூன்றிவிட்டது. மருதாணிப் பொடியில் கலந்தால் ஆறு மணி நேர வேலை அரை மணியில் முடிகிறது.

சிலருடைய உடல் இதை ஏற்றுக்கொள்வதில்லை. முதல் தடவை எதுவும் ஆகாமல் இருக்கலாம். உடல் அதை எதிரியாக அடையாளம் கண்டுகொண்ட பின், அடுத்த தடவை நெற்றியிலும் காதோரத்திலும் அரிப்பு, கொப்புளம், கண் இமை வீக்கம் என்று தொடங்கும். "பத்து வருடமாகப் போடுகிறேன், ஒன்றும் ஆனதில்லை" என்பது இதில் பாதுகாப்பு ஆகாது. ஒருமுறை ஏற்பட்ட ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுவதும் தொடரும். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இந்த பி.பி.டி.யைத்தான் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் தலையில் பூசும் சாயத்தில் 2 சதவீதத்துக்கு மேல் இது இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்துள்ளது. தோலில் நேரடியாக வரைவதற்கு அங்கும் அமெரிக்காவிலும் அனுமதி கிடையாது. கையில் கருப்பு மெஹந்தி வரைந்து பிள்ளைகளின் தோலில் அதே வடிவத்தில் கொப்புளம் எழும்பிய நிகழ்வுகள் பல நாடுகளின் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

இது வாய்வழியே உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. முகமும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைபடும், தசைகள் சிதையும், சிறுநீரகம் செயலிழக்கும். இதற்கென்று தனியான மாற்று மருந்து இல்லை. சூடானில் பெண்கள் மருதாணியோடு இந்த ரசாயனத்தைக் கலந்து பூசும் வழக்கத்தால் ஏற்பட்ட நச்சுப் பாதிப்புகளை அந்நாட்டு மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக எழுதி வருகிறார்கள். தென்னிந்திய மருத்துவமனைகளிலும் முடிச்சாய நச்சால் பாதிக்கப்பட்டவர்கள் தொடர்ந்து வருகிறார்கள். வீட்டில் ரசாயன டை இருந்தால் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். வீக்கம் தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இன்னொரு வழியிலும் ரசாயனம் வீட்டுக்குள் வருகிறது. கோன். "கை நன்றாகச் சிவந்தால் கணவன் பாசம், மாமியார் பாசம்" என்று நம் வீடுகளில் பேசிக்கொள்வார்கள். சிவப்பு என்பது இலையின் தரத்தையும், விழுது கையில் இருந்த நேரத்தையும், உடல் சூட்டையும் பொறுத்தது. பாசத்தை அதில் அளக்க முடியாது. ஆனால் அந்த ஆசையைப் பயன்படுத்தி ஐந்து நிமிடத்தில் சிவக்கும் கோன்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. உண்மையான மருதாணி விழுது வெளியில் வைத்தால் சில நாட்களில் வீரியம் இழந்துவிடும். மாதக்கணக்கில் கடையில் தொங்கும் கோன் ஐந்து நிமிடத்தில் சிவக்கிறது என்றால் அதில் வேறொரு பொருள் வேலை செய்கிறது.

கடையில் வாங்கும்போது

1. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். உட்பொருள் பட்டியலில் லாசோனியா இனெர்மிஸ் இலைப்பொடி மட்டும் இருந்தால் நல்லது. பி.பி.டி., அமினோஃபினால், ரிசார்சினால், பேரியம் பெராக்சைடு போன்ற பெயர்கள் இருந்தால் அது மருதாணி கலந்த ரசாயன டை.

2. தோலில் எரிச்சல் உண்டாகலாம், முன்சோதனை செய்ய வேண்டும், புருவத்துக்கும் இமைக்கும் பூசக் கூடாது என்ற எச்சரிக்கையை ரசாயன முடிச்சாயங்களில் அச்சிட வேண்டும் என்பது இந்தியச் சட்டம். அந்த வாசகம் இருந்தாலே உள்ளே இருப்பது வெறும் இலை அல்ல என்று புரிந்துகொள்ளலாம்.

3. எத்தனை நிமிடம் வைக்கச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் கருப்பு என்றால் விட்டுவிடுங்கள்.

4. நல்ல பொடி மங்கிய பச்சையாக, வைக்கோல் வாசனையோடு இருக்கும். பளிச்சென்ற பச்சையாக இருந்தால் பழைய பொடிக்குப் பச்சைச் சாயம் ஏற்றியிருக்கலாம். ஒரு கரண்டி பொடியைத் தண்ணீரில் கலக்கி வைத்தால் மணல் கலப்படம் இருந்தால் அடியில் தங்கிவிடும்.

5. உட்பொருள் பட்டியலே இல்லாத பொடியை, யார் பரிந்துரைத்தாலும் தலைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

வீட்டிலேயே பொடி

கொல்லையில் சிறிது இடம் இருந்தால், அல்லது ஒரு பெரிய தொட்டி இருந்தால்கூட, மழைக்காலத்தில் பென்சில் பருமனில் ஒரு குச்சியை வெட்டி நட்டுவிடலாம். நல்ல வெயில் படும் இடம் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. அடிக்கடி கவாத்து செய்தால் புதர் அடர்ந்து இலை பெருகும். வெயிலும் வறட்சியும் உள்ள காலத்தில் பறிக்கும் இலையில் நிறம் கூடுதலாக இருக்கும். இலையை உருவி நிழலில் மூன்று நான்கு நாட்கள் மொறுமொறுப்பாகும் வரை உலர்த்தி, மிக்ஸியில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் இருட்டான இடத்தில் வையுங்கள். வெயிலில் காயவைத்தால் நிறம் குறையும். ஆறு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது.

தலைக்குப் போடும் முறை

முதன்முறை போடுபவர்கள் காதுக்குப் பின்னால் சிறிது விழுதைத் தடவி இரண்டு நாட்கள் கவனியுங்கள். தூய மருதாணிக்கு ஒவ்வாமை அரிது. ஆனாலும் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

ஆண்களின் தலைக்கும் தாடிக்கும் 50 கிராம் பொடி போதும். தோள் வரையுள்ள கூந்தலுக்கு 100 கிராம், இடுப்பு வரை என்றால் 200 கிராமுக்கு மேல் தேவைப்படும். வெதுவெதுப்பான தண்ணீரில் தயிர் பதத்துக்குக் கரைத்து, அரை மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்து, மூடி வைத்து ஆறு முதல் எட்டு மணி நேரம் ஊறவிடுங்கள். இஷாவுக்குப் பின் கரைத்து வைத்தால் காலையில் தயாராக இருக்கும். விழுதின் மேல்பரப்பு பழுப்பாக மாறியிருந்தால் நிறம் இறங்கிவிட்டது என்று பொருள். எலுமிச்சை அதிகமானால் முடி வறண்டுவிடும்.

ஆரஞ்சு நிறம் பிடிக்காதவர்கள் தண்ணீருக்குப் பதில் ஆறிய தேயிலை டிக்காஷனில் கரைத்து இரும்புச் சட்டியில் ஊறவைப்பது நம் பாட்டிமார் முறை. தேயிலையில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்து கருமையான கலவை ஆவதால் நிறம் சற்று ஆழமாகும்.

தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. முந்தைய நாளே சீயக்காயோ ஷாம்போ போட்டு அலசி உலர்த்திவிடுங்கள். நெற்றி ஓரத்திலும் காதிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் தோலில் கறை பிடிக்காது. கையுறை அணிந்து, முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வேரிலிருந்து நுனி வரை தாராளமாகப் பூசுங்கள். பிளாஸ்டிக் உறையாலோ பழைய துணியாலோ மூடுங்கள். காய்ந்துபோன மருதாணி வேலை செய்யாது, ஈரம் இருக்க வேண்டும். நரைக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் வேண்டும். பிறகு வெறும் தண்ணீரில் அலசுங்கள். ஷாம்பு ஒருநாள் கழித்துப் போதும்.

முதல் நாள் நரை பளிச்சென்ற ஆரஞ்சாகத் தெரியும். பயப்பட வேண்டாம். காற்றுப் பட்டு இரண்டு நாட்களில் செம்பழுப்பாக ஆழமாகும். ஆகவே பெருநாளுக்கு என்றால் இரண்டு நாள் முன்னதாகவே போட்டுவிடுங்கள். அடுத்த முறை புதிதாக வளர்ந்த அடிமுடிக்கு மட்டும் போட்டால் போதும்.

அவுரி சேர்த்தால்

பழுப்பு நிறம் விரும்புவோருக்கு அவுரி இலைப்பொடி உதவும். நீலச் சாயம் எடுக்கும் செடி இது. நமக்கு வடக்கே கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் பயிராகிறது. திண்டிவனம் வட்டாரத்தில் அதிலிருந்து சாயம் எடுக்கும் தொழில் இன்றும் நடக்கிறது. வாங்கும்போது நீல அவுரி என்று கேட்டு வாங்குங்கள். பேதி மருந்தாகும் நிலாவாரை இலையையும் தென் மாவட்டங்களில் அவுரி என்பார்கள். அது நரையை மறைக்காது.

அவுரியை இரவு முழுக்க ஊறவைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பூசிவிட வேண்டும். எலுமிச்சை சேர்க்கக் கூடாது. ஊறிய மருதாணி விழுதோடு கலந்து ஒரே தடவையில் பூசினால் பழுப்பு நிறம் கிடைக்கும். மருதாணி போட்டு அலசிய பின் தனியாக அவுரி பூசினால் ஏறக்குறைய கருப்பு ஆகும். கருப்பைத் தவிர்க்க விரும்புவோர் முதல் முறையையே பின்பற்றுங்கள். மருதாணியோடு கருமை தரும் இன்னோர் இலையைக் கலக்கும் இந்த முறை அபூபக்ர் (ரழி) அவர்களின் முறைக்கு நெருக்கமானது.

முடிக்கு ஊட்டமா?

மருதாணி முடியை வளர்க்கும், கொட்டுவதை நிறுத்தும் என்றெல்லாம் விளம்பரம் செய்கிறார்கள். முடி கொட்டுவதற்கு இரத்தசோகை, தைராய்டு, பிரசவம், மன உளைச்சல், பரம்பரை என்று பல காரணங்கள் உண்டு. அவற்றுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருதாணி செய்வது வேறு. அது முடியின் மேற்பரப்பில் உள்ள புரதத்தோடு பிணைவதால் ஒவ்வோர் இழையும் சற்றுத் தடித்து, வழுவழுப்பாக, பளபளப்பாகத் தெரியும். மெல்லிய முடிக்கு இது நல்லது. ஏற்கனவே வறண்ட, சுருட்டை முடிக்கு அடிக்கடி போட்டால் விறைப்பாகிவிடும். அவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும், மறுநாள் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவிக்கொள்ள வேண்டும்.

தயிர், முட்டை, வெந்தயம் சேர்ப்பது பற்றிக் கேட்கிறார்கள். தயிரிலும் முட்டையிலும் உள்ள புரதத்தோடும் லாசோன் பிணைந்துவிடும். அதனால் முடிக்குப் போய்ச் சேரும் நிறம் குறையும். நிறம் வேண்டும் என்றால் பொடி, தண்ணீர், எலுமிச்சை மட்டும். நிறம் முக்கியமில்லை, மென்மைதான் வேண்டும் என்றால் தயிரும் ஊறவைத்து அரைத்த வெந்தயமும் சேர்த்து முக்கால் மணி நேரத்தில் அலசிவிடலாம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

பச்சிளம் குழந்தைகளின் கை, கால், தலையில் மருதாணி போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு லாசோன் தோல்வழியே உட்சென்று இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையையும் இரத்தசோகையையும் உண்டாக்கும். அரபு நாடுகளில் இப்படிப் பல குழந்தைகள் பாதிக்கப்பட்டது மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளது. இந்தக் குறைபாடு இந்தியாவிலும் உண்டு, வெளியே தெரியாமலும் இருக்கும். குறைபாடு உறுதியான பெரியவர்களும் தவிர்க்க வேண்டும். சைனஸ், ஆஸ்துமா உள்ளவர்கள் மழைக்காலத்தில் மணிக்கணக்கில் ஈரத் தலையோடு இருக்க வேண்டாம். உலோக உப்புகள் கலந்த கலப்பட ஹென்னா போட்ட தலையில் பார்லரில் பிளீச் செய்தால் முடி சூடேறி உடையலாம், எனவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் சட்டங்கள்

உளூவும் குளிப்பும் நிறைவேறுமா? மருதாணி நிறம் தோலிலோ முடியிலோ தனிப் படலமாக நிற்பதில்லை. எனவே தண்ணீர் சேர்வதைத் தடுக்காது. காய்ந்த விழுது ஒட்டிக்கொண்டிருந்தால் அதை நீக்கிவிட்டே உளூவும் குளிப்பும் செய்ய வேண்டும். உரிந்து வரும் படலமாகத் தோலில் படியும் சில ரசாயன கோன்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அந்தப் படலத்தை நீக்க வேண்டும்.

மாதவிடாயில் போடலாமா? போடலாம். நிறம் மீதமிருப்பதால் சுத்தக் குளிப்புக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆண்கள் கை, காலில் போடலாமா? தலைக்கும் தாடிக்கும் போடுவதே ஆண்களுக்கு அனுமதி. அழகுக்காகக் கை, காலில் வைப்பது பெண்களுக்கு உரியது. மாப்பிள்ளைக்கு மருதாணி வைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். புண், பித்தவெடிப்பு போன்றவற்றுக்கு மருந்தாக இடுவதில் தடையில்லை.

இத்தாவில்? கணவரை இழந்து இத்தாவில் இருக்கும் பெண்கள் அந்தக் காலம் முடியும் வரை மருதாணியைத் தவிர்க்க வேண்டும்.

ஹஜ், உம்ராவில்? ஹனஃபீ மத்ஹபில் மருதாணி நறுமணப் பொருளாகக் கருதப்படுவதால் இஹ்ராமில் பூசினால் பரிகாரம் கடமையாகும். ஷாஃபிஈ மத்ஹபில் அது நறுமணப் பொருள் அல்ல. பயணத்துக்குச் சில நாள் முன்பே போட்டு அலசிவிடுவது இரு சாராருக்கும் பேணுதலானது.

ஆகவே அன்பர்களே, நரையை மாற்ற விரும்பினால் இலையைத் தேடுங்கள். ஒரு பாக்கெட்டின் முன்பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரை நம்பி அதைச் சுன்னத் என்று எண்ணிவிடாதீர்கள், பின்பக்கத்தையும் படியுங்கள். இடம் உள்ளவர்கள் இந்த மழைக்காலத்தில் ஒரு மருதாணிக் குச்சியை நட்டு வையுங்கள். அடுத்தடுத்த பெருநாள்களுக்கு உங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் அதுவே உதவும். நமக்கு அமானிதமாகத் தரப்பட்ட உடலைப் பேணவும், நபிவழியைச் சரியாக அறிந்து நடக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.